நாலரை இஞ்ச் வெளிச்சம்

நவம்பர் 8

நவநீதன் வந்துவிட்டுப் போனான். வந்தவன் டாங்கைப் பார்க்கவில்லை, நான் மூன்று மாதமாக நெருப்பில் வாட்டி வளைத்த சைலன்சரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்று, "ஹெட்லைட் எங்கண்ணா?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்குக் கோயமுத்தூரில் பேக்கரி. தாத்தா ஓட்டிய எழுபத்தெட்டாம் வருஷத்து புல்லட்டை கபே ரேசராக மாற்றித் தரச் சொல்லி, என்னைத் தேடி மேட்டுப்பாளையம் வந்தவன். கபே ரேசர் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. பழைய வண்டியில் தேவையில்லாத சதையையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஹேண்டிலைத் தாழ்த்தி, ஒற்றை சீட்டு போட்டு நிறுத்துவது. அதற்கு முகம் ஹெட்லைட்தான். கம்பெனி வைத்த ஏழு இஞ்ச் விளக்கு சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும். அதோடு விட்டால் பால் கேன் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. சின்னதாக வேண்டும். எவ்வளவு சின்னது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சின்ன விளக்கு அழகு, ஆனால் வெளிச்சம் பக்கவாட்டில் பரவாது என்று ஊரே சொல்லும்.

டிசம்பர் நடுவில் வண்டி வேண்டுமாம். கொடுத்துவிடலாம். அதற்கு முன் முதல் ஓட்டம் இருக்கிறது. என் பட்டறையில் கட்டிய எந்த வண்டியும் நான் ஓட்டிப் பார்க்காமல் வெளியே போனதில்லை. பொழுதோட, விளக்குப் போடுகிற நேரத்தில், முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுக் கோத்தகிரி ரோட்டில் வளைவுகள் ஏறி இறங்கி வருவேன். பின்னால் சம்பூரணம் உட்கார்ந்திருப்பாள். எந்த நட்டு ஆடுகிறது, எந்தத் தகடு முனகுகிறது என்று காது கொடுத்துக் கேட்டுச் சொல்வது அவள் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து எங்களுக்கு இதுதான் வழக்கம். அவளுக்காகவே ஒற்றை சீட்டைக் கடைசியில் மாட்டுவேன், அதுவரை பழைய நீள சீட்டுதான்.

நவம்பர் 11

கோயமுத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் காலையிலிருந்து அலைந்தேன். கிடைத்துவிட்டது. நாலரை இஞ்ச், பித்தளை வளையம், கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது. கையில் எடுத்ததும் வைக்க மனசு வரவில்லை.

எந்த வண்டியில் இருந்தது என்று கடைக்கார பாயிடம் கேட்டேன். வெளியூர் வண்டி என்றார். வண்டி சப்பளிந்து வந்ததாம், விளக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்ததாம். ஓட்டியவன் என்ன ஆனான் என்று கேட்டதற்கு பாய் வேறு கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டார். இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம். பாதி உதிரிபாகம் அப்படி வருவதுதான்.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு ஆள் வந்து என் மேல் மோதினான். மோதியதும் இல்லாமல், "கண்ணு தெரியலயாய்யா?" என்கிறான். உனக்குத்தான்டா தெரியவில்லை என்று கத்திவிட்டு வந்தேன். சத்தியமாக அவன் இல்லை, இல்லை, திடீரென்று இருந்தான். விளக்கை மார்போடு அணைத்துப் பிடித்திருந்ததால் தப்பித்தது.

நவம்பர் 13

இன்று சுவர் பார்த்தோம்.

பட்டறைக்கு எதிரே உருளைக்கிழங்கு மண்டிக்காரர்களின் பழைய குடோன். அதன் சுண்ணாம்புச் சுவர்தான் எனக்கு அளவுகோல். எங்கள் ஷெட்டின் கூரை அதுவரை நீண்டிருப்பதால் மழை படாது. வண்டியைத் தள்ளி நிறுத்தி, நான் மேலே உட்கார்ந்து விளக்கைப் போடுவேன். சம்பூரணம் சாக்பீஸோடு சுவரை ஒட்டி வெளியே இருந்து உள்ளே வருவாள். அவள் கை வெளிச்சத்துக்குள் நுழைந்ததும் நான் "நிறுத்து" என்பேன், அங்கே ஒரு கோடு போடுவாள். இடப்பக்கம், வலப்பக்கம், ஸ்டூல் போட்டு மேலே, கடைசியில் கீழே. கோடுகளைச் சேர்த்தால் விளக்கின் வட்டம் கிடைத்துவிடும். வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறோம்.

முதலில் ஏழு இஞ்ச். சம்பூரணம் என்னவோ தெரியவில்லை, இருட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்றேன்.  இருட்டுக்குள் இருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"இப்ப என்னைத் தெரியுதுங்களா?"

இல்லை என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இல்லை என்றேன். என்ன விளையாட்டு இது என்று சத்தம் போட்டபிறகுதான் சாக்பீஸ் பிடித்த விரல் வெளிச்சத்துக்குள் வந்தது. கோடு கோணலாக விழுந்தது. சாயங்காலக் காற்று கொஞ்சம் குளிர்ச்சிதான்.

அப்புறம் நாலரை இஞ்ச். வட்டம் அதே இடத்தில் வந்தது. வெள்ளைக் கோட்டின் மேலேயே வெள்ளைக் கோடு. தட்டு சைஸ் விளக்கும் உள்ளங்கை சைஸ் விளக்கும் ஒரே வெளிச்சம்! இத்தனை வருஷம் சின்ன விளக்கு பரவாது, பரவாது என்று என்னமாய்ப் புளுகியிருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சம்பூரணத்திடம் சொன்னேன். "செரிங்க" என்றாள். 

நவம்பர் 14

ஒரு நூல் வித்தியாசத்தை இந்தக் கண் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிக்கும். என் கண்ணுதான் எனக்கு மைக்ரோமீட்டர். ஆகவே நாலரை இஞ்ச்தான். முடிவு.

நவம்பர் 17

நவநீதன் பொழுதோட வந்தான். இரண்டு விளக்கையும் சுவரில் போட்டுக் காட்டினேன். பெரியதில் சுவர் பூராவும் தெரிகிறதாம், சின்னதில் குழாய்க்குள் இருந்து பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிகிறதாம். "உங்களுக்கு வித்தியாசம் தெரியலயாண்ணா?" என்று என்னிடமே கேட்கிறான். பேக்கரிக்காரன் எனக்கு வெளிச்சம் சொல்லித் தருகிறான். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டால் எல்லோரும் மெக்கானிக்.

சம்பூரணம் அவனுக்கு டீ கொடுக்கப் போனாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று இருவரும் எதையோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

நவம்பர் 20

நவநீதனுக்கு வெளிச்சம் போதவில்லையாமே என்று நூறு வாட்ஸ் பல்பு போட்டேன். ஹோல்டர் உருகி நாற்றம் அடித்தது. இடையில் இருக்கட்டுமென்று ஐந்தேமுக்கால் இஞ்ச் விளக்கு ஒன்றும் வாங்கி வந்து வைத்தேன். அதுவும் அதே வட்டம்தான்.

இன்னொன்று. பட்டறை ஆணியில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். ஓனர்கள் வாங்காமலே விட்டுப்போன வண்டிகளின் சாவிகள், எல்லாம் ஒரு வளையத்தில் கோத்தது. அதைக் காணோம். யார் எடுத்திருப்பார்கள் அதைப் போய்? ஒரு வண்டிக்கும் சேராத சாவிகள்.

நவம்பர் 23

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

பட்டறையில் யாரோ இருக்கிறார்கள். நான் குனிந்து வேலை செய்யும்போது சாவிகள் உரசுகிற சத்தம் கேட்கிறது. இடப்பக்கம் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள், சத்தம் வலப்பக்கம் போயிருக்கும். தரையில் நான் போட்ட ஸ்பானர் தரையில் இருப்பதில்லை. வழியில் கிடந்த பழைய இன்ஜின் மூடி, ஜாக்கி, மரக்கட்டை எல்லாம் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கின்றன. நான் ஒதுக்கவில்லை. ஆளே இல்லாத பட்டறை தானாகச் சுத்தமாகிறது.

உக்கடத்திலிருந்து விளக்கு வந்தபிறகுதான் இதெல்லாம். வண்டி சப்பளிந்து, ஓட்டியவன் என்ன ஆனான் என்று தெரியாத விளக்கு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அதைத் துணி போட்டு மூடி வைத்தேன்.

நவம்பர் 26

மறுபடியும் சுவர் பார்த்தோம். நாலரை இஞ்சின் வட்டம் சிறுத்துப்போயிருக்கிறது. போன தடவை போட்ட வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நல்ல இடைவெளி விட்டுப் புதுக் கோடு விழுந்தது. பேட்டரியைப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், பல்பை மாற்றினேன். ஏழு இஞ்சையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் சிறுத்திருக்கிறது! ஒரு விளக்கின் பீடை இன்னொரு விளக்குக்கும் தொற்றுமா?

வட்டத்துக்கு வெளியே இருக்கிற இருட்டு வெறும் இருட்டு இல்லை. அதில் ஆள் நிற்கிறது. எனக்கு நன்றாகத் தெரிகிறது, அதாவது தெரியவில்லை, ஆனால் நிற்கிறது. மூச்சு விடுகிறது. சம்பூரணத்தைக் கூப்பிட்டேன். "இங்கதான் இருக்கறனுங்க" என்று அந்த இருட்டுக்குள்ளேயிருந்து பதில் வந்தது. எப்போது பார்த்தாலும் இருட்டில் போய் நிற்கிறாள். பயமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நவம்பர் 29

சாப்பிடும்போது சம்பூரணம் சம்பந்தமில்லாமல் கேட்டாள், உங்கள் அப்பா ஏன் பொழுதோட வெளியே போகமாட்டார் என்று. என் அப்பா சுத்தப் பயந்தாங்கொள்ளி. விளக்கு வைப்பதற்கு முன் வீட்டுக்குள் வந்துவிடுவார். எங்காவது நேரமாகிவிட்டால் சைக்கிளை ஓட்டமாட்டார், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார், நான் முன்னால் மணியடித்துக்கொண்டே போக வேண்டும். கடைசிக் காலத்தில் பகலிலேயே கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவருக்கு நேர் எதிராக இருக்க வேண்டுமென்றுதான் நான் வண்டி பிடித்தேன். இதையெல்லாம் சொன்னேன்.

அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். குழம்பில் உப்பு குறைச்சல்.

டிசம்பர் 3

தீபம். ஊரே விளக்கு வைத்திருக்கும்போது எங்கள் வாசலில் ஒரே ஒரு விளக்கு. எண்ணெய்க்கா பஞ்சம் என்று சம்பூரணத்தைத் திட்டினேன். அவள் என் தாடையைப் பிடித்து முகத்தை மெதுவாகத் திருப்பினாள். பக்கத்தில் இன்னொரு விளக்கு இருந்தது. இன்னும் திருப்பினாள். இன்னொன்று. முதலில் பார்த்தது அதற்குள் காணாமல் போயிருந்தது. காற்று அதிகம், அணைந்து அணைந்து எரிந்திருக்கும்.

நாற்பத்திரண்டு வயதில் வாசலில் வைத்துப் புருஷன் தாடையைப் பிடிக்கிறாள். பக்கத்து வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள்.

டிசம்பர் 6

வண்டி தயார். நாலரை இஞ்ச் மாட்டியதும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! எலுமிச்சம்பழம் வாங்கி வைத்து, சாயங்காலம் முதல் ஓட்டத்துக்குக் கிளம்பினோம். கிக்கரை உதைத்ததும் இன்ஜின் பிடித்தது. விளக்கு எரியவில்லை. ஃபியூஸைக் காணோம். காலையில் நான் மாட்டிய ஃபியூஸ்!

"இன்னைக்கு வேண்டாம்னு இருக்குது, விட்டுருங்க" என்றாள் சம்பூரணம். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவளுக்கும் அது தெரிகிறது போலிருக்கிறது.

டிசம்பர் 7

இன்றும் ஃபியூஸ் இல்லை. கிக்கரில் கால் வைத்தபோது வண்டிக்கு முன்னால் சாவிச் சத்தம் கேட்டது. முன்னால் யாரும் இல்லை.

அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கி வந்து ஹேண்டிலில் கட்டிவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு வண்டிக்கு இப்படிச் செய்தது இதுவே முதல் தடவை. பதினாலாம் தேதி நவநீதன் வந்துவிடுவான். அதற்குள் நானும் அவளும் மலை ஏறி இறங்கியாக வேண்டும். எவன் தடுக்கிறான் என்று பார்த்துவிடுகிறேன்.

டிசம்பர் 9

புது ஃபியூஸ் மாட்டிவிட்டு, டீ குடிக்கப் போகிற மாதிரி போய், பின்பக்கமாகத் திரும்பி வந்து வண்டிக்கு அருகில் உட்கார்ந்துகொண்டேன். பொழுது இறங்கியது. சாவிகள் வந்தன. மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலுக்கல். வண்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. எனக்கு எதுவும் தெரியவில்லை. கையை மட்டும் இருட்டுக்குள் நீட்டி இறுக்கிப் பிடித்தேன்.

கண்ணாடி வளையல். உடைந்து என் கையைக் கிழித்தது.

சம்பூரணம். இடுப்பில் அந்தச் சாவிக்கொத்து, கையில் என் ஃபியூஸ்.

என்னென்னவோ கத்தினேன். இங்கே எழுத முடியாது. நவநீதனோடு கேட்டுக்குப் பக்கத்தில் என்ன பேசினாய் என்றுகூடக் கேட்டேன், அவ்வளவு கேவலமாக. அவள் ஃபியூஸைத் திரும்ப மாட்டி விளக்கைப் போட்டாள். என் கையைப் பிடித்துக் குடோன் சுவர் வரை கூட்டிப்போனாள். வெள்ளைக் கோட்டில் என் விரலை வைத்தாள்.

"இது நீங்க சொன்னது."

பிறகு என்னைச் சுவரோடு சுவராக இழுத்துக்கொண்டு நடந்தாள். வெள்ளை வட்டத்தை விட்டு வெளியே, நான் இருட்டு என்று நினைத்திருந்த இடத்துக்குள். அங்கே வெளிச்சம் இருந்தது. இன்னும் நடந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜாக்கெட் தைக்க அவள் வைத்திருக்கும் நீல சாக்கால் போட்ட ஒரு கோடு வந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்தில் நாலரை. அதையும் தாண்டி ஐந்தேமுக்கால். சுவர் முடிகிற மூலைக்கு அருகில் ஏழு.

"இது நான் பாத்தது" என்றாள். "நான் ஒரு நாளும் இருட்டுல நிக்கலீங்க. அத்தன நேரமும் வெளிச்சத்துலதான் நின்னேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா மக்யா நாளே பட்டறையப் பூட்டிப்போட்டுக் கட்டல்ல உக்காந்துக்குவீங்க, உங்கப்பாவாட்ட. அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க." இதையும் சொன்னாள். "உங்க பொறகால உக்காந்து போய்ச் சேர்றதுன்னா நான் வந்துருவேன். எதுக்கால வர்றவன் என்னங்க பாவம் பண்ணுனான்?"

சாவியை எதற்கு இடுப்பில் கட்டினாய் என்று கேட்டேன். பக்கத்தில் அவள் இருப்பது தெரியாமல் நான் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழுகிறேனாம். சத்தம் கேட்டால் ஆள் இருக்கிறது என்று தெரியுமே என்றுதான் கட்டினாளாம்.

அவள் கையிலும் ரத்தம். துடைத்துவிட்டேன். அழுதேன்.

டிசம்பர் 10

ஒன்றுமில்லை.

டிசம்பர் 12

கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரி. ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஓரத்திலிருந்து ஒரு புள்ளி வெளிச்சம் வருமாம், தெரிந்ததும் பொத்தானை அமுக்க வேண்டுமாம். எங்கள் குடோன் சுவர்தான், வேறொன்றுமில்லை. ரொம்ப நேரம் அமுக்காமலே உட்கார்ந்திருந்தேன். மெஷின் ரிப்பேரா என்று கேட்டேன். 

டாக்டர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை.

டிசம்பர் 14

நவநீதன் வந்தான். அவனிடம் சம்பூரணம் அன்றைக்குக் கேட்டுக்குப் பக்கத்தில் என்ன கேட்டாள் என்பதும் இன்று தெரிந்தது. உங்களுக்கு நிஜமாகவே சுவர் பூராவும் தெரிந்ததா என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஹெட்லைட்டை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். நீலக் கோடுகளைப் பார்த்து ஐந்தேமுக்கால் என்றாள். முகமும் கெடவில்லை, வெளிச்சமும் பரவுகிறதாம். மாட்டியது நான். நட்டு முறுக்கும் இடம் என் வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது, அதுவரை ஒரு நூல் பிசகவில்லை. நாலரை இஞ்சைத் துடைத்துச் சாவிக்கொத்து தொங்கிய ஆணியில் மாட்டினேன். பாவம், அதைப் போட்டுத் திட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் எலுமிச்சம்பழத்தைச் சம்பூரணம் வைத்தாள். நவநீதன் ஹேண்டிலைப் பிடித்தான். நான் பின்னால், அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். நான் கட்டிய அவ்வளவு வண்டிகளில் ஒன்றில்கூட நான் பின் சீட்டில் உட்கார்ந்ததில்லை. கூச்சமாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவன் தோளில் வைத்தேன்.

கோத்தகிரி ரோட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. இரண்டாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. நவநீதன் முன்கூட்டியே ஒதுங்கினான். நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை. காற்று முகத்தில் அடித்தபிறகுதான் தெரிந்தது, அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பெரிய வண்டி.  அந்த வளைவில் முன்னால் நானும் பின்னால் அவளும் இருந்திருக்க வேண்டியது.

கண்ணை மூடிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

மூடியபோது காது திறந்துகொண்டது. இடப்பக்கம் பின் மட்கார்டு தாங்கியில் ஒரு சின்ன முனகல், மேடு ஏறும்போது மட்டும் வருகிறது. நவநீதனிடம் சொன்னேன். தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றான். வீட்டுக்குப் போய் ஒரு வாஷர் போட்டால் சரியாகிவிடும் என்றேன். வெளிச்சம் எப்படி என்று அவனைக் கேட்டேன். ரோடு பூராவும் தெரிகிறது என்றான்.

திரும்பி வந்து பட்டறை வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தான், விளக்கும் அணைந்தது. அதன்பிறகு எனக்கு வாசலும் இல்லை, கேட்டும் இல்லை, படியும் இல்லை. கால் வைக்க இடம் தெரியாமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாவிகள் குலுங்கின. சத்தம் வந்த பக்கமாக இறங்கினேன்.